புதுப்பிப்பு: செக் எஞ்சின் லைட், பி0171 – சரியாகிவிட்டது
கிளிநொச்சியில் காரின் செக் எஞ்சின் லைட் அணையவில்லை, கொழும்பு ஏஜென்ட் வரை போகாமல் வழி உண்டா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

காரில் செருகிப் பழுதைப் படிக்கும் ப்ளூடூத் ஸ்கானரில் வந்த பழுதுக் கோட் பி0171: கலவையில் பெற்றோல் குறைவு, காற்று அதிகம். முதலில் ஏர் ஃபில்டரைத் தட்டினேன். பரந்தன் பக்கத்துப் புழுதி ஒரு கைப்பிடி. காற்றளவு சென்சரையும் அதற்குரிய ஸ்ப்ரே அடித்துக் கழுவினேன். இரண்டு நாளில் லைட் திரும்ப வந்தது.

'காற்று போகும் ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள்' என்று பதிலில் வவுனியா அண்ணா சொன்னதுதான் சரி. சென்சருக்கும் த்ராட்டிலுக்கும் (எஞ்சினுக்குள் காற்றை விடும் வால்வு) நடுவே, குழாயின் அடி மடிப்பில் விரல் நகம் நுழையுமளவு ஓட்டை. சென்சர் அளக்காத காற்று அதன் வழியே உள்ளே போயிருக்கிறது. வெடிப்பு என்று நினைத்தால், பல்லடையாளம்! நெல் மூட்டைக்குப் பக்கத்தில் கார் விட்டால் எலி சும்மா இருக்குமா?

வேறு குழாய் மாற்றியதும் ஃப்யூவல் ட்ரிம் (கலவையைச் சரிசெய்ய எஞ்சின் கணினி கூட்டிவிடும் பெற்றோல்) 22 சதவீதத்திலிருந்து 4-க்கு இறங்கியது. கோட் அழித்து மூன்று கிழமை, லைட் வரவில்லை. குழாய் மாற்ற முன் ஓட்டையில் டேப் சுற்றியும் பார்த்தேன். எஞ்சின் சூட்டில் ஒரு நாள்கூட நிற்கவில்லை.