இடது கையில் நாடி கிடைக்கவில்லை

மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதுதான் முதலில் தெரிந்தது. கொடியில் மூன்றாவது புடவையைப் போடுவதற்குள் இடது கை கடுத்துப்போய்த் தானாகக் கீழே இறங்கிவிடும். கொஞ்ச நேரம் தொங்கவிட்டால் சரியாகிவிடும். வேளச்சேரி ரயிலில் மேலே கைப்பிடியைப் பிடித்து நின்றாலும் இதே கதைதான். அப்போது எனக்கு 29 வயது. அம்மா தைலம் தேய்த்துவிட்டார்.

கூடவே சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு. டிபியாக இருக்குமோ என்று சளி, எக்ஸ்ரே எல்லாம் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. கடைசியில் தெருமுனை கிளினிக்கில் பிரஷர் பார்த்தபோது இடது கையில் மெஷின் 'எரர்' காட்டியது. நர்ஸ் பேட்டரியை மாற்றினார். மறுபடியும் எரர். டாக்டர் என் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ரொம்ப நேரம் தேடினார், அப்புறம் வலது கைக்குப் போனார். அங்கே 170. "இந்தக் கையில நாடியே கிடைக்கலம்மா" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேனில், இடது கைக்குப் போகும் தமனி நூலாக இளைத்திருந்தது. ஒரு சிறுநீரகத் தமனியும் சுருங்கியிருந்தது. பிரஷர் ஏறியது அதனால்தான். நோயின் பெயர் டகாயாசு ஆர்ட்டரைட்டிஸ், பெரிய தமனிகளின் சுவர் அழற்சி. 1908-இல் இதைச் சொன்னவர் ஒரு ஜப்பானியக் கண் டாக்டராம்.

வாதநோய் டாக்டர் படம் போட்டு விளக்கினார். பெருந்தமனியின் சுவருக்கே ரத்தம் தரும் பொடிக் குழாய்கள் உண்டு. அந்த வழியாக டி செல்கள், மேக்ரோபேஜ்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் சுவருக்குள் நுழைந்து, இன்டர்லூகின்-6 போன்ற அழைப்பு ரசாயனங்களைச் சுரந்து இன்னும் ஆள் சேர்க்கின்றன. சுவர் வீங்கித் தடித்து, தழும்பாகி, உள்வழி குறுகிவிடுகிறது. கிருமி எதுவும் இல்லை, நம் காவல்படையே செய்கிற வேலை. நானோ ஆறு மாதமாக எதிர்ப்பு சக்தி ஏற வேண்டுமென்று வேளை தவறாமல் கஷாயம் குடித்திருக்கிறேன். வேலி பயிரை மேய்கிறது, நாங்கள் வேலிக்கு உரம் போட்டிருக்கிறோம்!

இந்தக் காவல்படையை அடக்கத்தான் மருந்து: பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, வாரம் ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட். ஸ்டீராய்டில் முகம் உப்பியதும் கல்யாண வீட்டில் "இப்பத்தான் பூசினாப்ல நல்லா இருக்கே" என்றார்கள். அதைக் கேட்டு மாத்திரையை நிறுத்தப் பார்த்தேன். டாக்டரிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது; திடீரென்று நிறுத்தவே கூடாதாம்.

பதில் (நங்கநல்லூர்):
அக்கா, என் அப்பாவுக்கு வந்தது இதன் பங்காளி, ஜயண்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ். 50 வயதுக்கு மேல் வருவது. முறுக்கு கடித்தால் தாடை வலிக்கும், சீப்பு பட்டால் நெற்றிப்பொட்டு எரியும். பல் டாக்டரிடம் இரண்டு தடவை போனோம். ஒருநாள் ஒரு கண் ஐந்து நிமிஷம் இருட்டிவிட்டது. பார்வை போய்விடும் என்று தமனித் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்சியின் முடிவு வரும்முன்பே ஸ்டீராய்டு தொடங்கிவிட்டார்கள். கண் தப்பியது.

பதில் (பெரம்பூர்):
எனக்கு டோசிலிசுமாப் ஊசி. நீங்கள் சொன்ன அந்த இன்டர்லூகின்-6 வேலையைத் தடுப்பதுதான் அது. போடும் முன் மறைந்திருக்கும் டிபி உண்டா என்று பார்த்தார்கள். ஒன்று கவனியுங்கள் சகோதரி, இந்த ஊசி போட்டால், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு எப்போதும் அழகாக இறங்கியே இருக்கும். அதை மட்டும் நம்பாமல் ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறார் என் டாக்டர். உங்கள் கை இப்போது எப்படி?

பதிவிட்டவர்:
இடது கையில் மெஷின் இன்னும் எரர்தான். வலது கையில் 128. புது நர்ஸ் வந்தால் அவர் பேட்டரியைக் கழற்றும் முன் நானே வலது கையை நீட்டிவிடுகிறேன். புடவை இப்போது ஐந்து வரை போடுகிறேன்.