மூடி வெட்டிய யானை

பெரியப்பா: அறிவிப்பு. இன்றைய செஸ்ஸில் என் தம்பி மகன் என்னிடம் 31ஆவது நகர்த்தலில் கையைத் தூக்கிவிட்டான்.

நான்: முழுவதையும் சொல்லுங்கள் பெரியப்பா! முதல் நகர்த்தலே பி4. யாராவது அப்படித் தொடங்குவார்களா? சிரித்துவிட்டேன், அதுதான் தப்பு.

அத்தை: அண்ணா, பி4 என்றால்? எனக்கு விளங்குகிற மாதிரி சொல்லுங்களேன்.

பெரியப்பா: ராணி பக்கத்துக் குதிரைக்கு முன்னால் நிற்கிற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது. ஒராங்குட்டான் ஆட்டம் என்று பெயர். 1924இல் நியூயார்க் போட்டிக்கு வந்த செஸ் வீரர் டார்டகோவர், பிராங்ஸ் உயிரியல் பூங்காவில் சூசன் என்ற ஒராங்குட்டானைப் பார்த்துவிட்டு வந்து மரோட்சி என்ற வீரரிடம் இதை ஆடினார். யோசனை சொன்னதே சூசன்தான் என்றாராம்.

அக்கா: ஆக, அப்பாவுக்குக் குரு குரங்கு.

நான்: நான் என் சிப்பாயை ஈ5க்குத் தள்ளினேன். அவர் மூலைவாக்கில் பாய்கிற பிஷப்பை பி2இல் வைத்தார். பி4 சிப்பாய் காவலில்லாமல் நின்றது, வெட்டினேன். அவர் அந்த பிஷப்பால் என் ஈ5 சிப்பாயை வெட்டினார். கணக்கு சரி. அந்த பிஷப்பை விரட்டக் குதிரையை சி6க்கு ஏற்றினேன்...

பெரியப்பா: மற்றக் குதிரையை எஃப்6இல் நிறுத்தி வழியை அடைத்திருக்க வேண்டும். ஜி7 சிப்பாய் போனது. அடுத்து மூலையில் யானை, ஓட இடமில்லை.

அம்மா: அதுவரை இவன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான்?

நான்: அம்மா, அது பிஷப்பாக இருந்தால் பார்த்திருப்பேன்! போன தீபாவளிக்கு ஒரு வெள்ளை பிஷப் தொலைந்ததிலிருந்து அந்த இடத்தில் இருமல் மருந்து பாட்டிலின் மூடிதான். தட்டையாகக் கிடக்கிற மூடி குறுக்கே பாயும் என்று கண்ணுக்குத் தோன்றவே இல்லை.

பெரியப்பா: ஈ5இல் உன் சிப்பாயை வெட்டியதும் அதே மூடிதானே?

அத்தை: 😂😂

நான்: ஆனால் மூடியை வெளியே விடவில்லை. எஃப்6இல் சிப்பாயை வைத்து வாசலை அடைத்தேன். ராஜாவை ஒதுக்கி, குதிரையைக் கிளப்பி, ராணியால் வெட்டினேன். அதையும் அறிவியுங்கள்.

பெரியப்பா: யானையைக் கொடுத்து மூடி வாங்கினான். அறிவித்தாயிற்று.

அக்கா: அப்பா, அந்த பிஷப் இங்கே பொம்மைக் கூடையில் இருக்கிறது! உங்கள் பேரன் தலையைக் கடித்துவைத்திருக்கிறான்.

நான்: அக்கா, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவா. தலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பெரியப்பா: வேண்டாம் அம்மா, அவனே விளையாடட்டும். எனக்கு மூடிதான் ராசி.