மறு: ஹைப்பர்வைசருக்குத் தமிழ்: பெரிய கங்காணி சரிவருமா?

> கோத்தகிரி தேயிலைத் தொழிற்சாலைகளுக்கான கையேட்டில் 'மெய்நிகராக்கி' என்றே போட்டுவிடலாமே?

ஹைப்பர்வைசர் என்பது ஒரே கணினியில் பல மெய்நிகர் பொறிகளை, அதாவது மென்பொருளாலான கணினிகளை, ஓட்டும் மென்பொருள். அந்தப் பொறிகளை விஎம்வேரிலிருந்து பிராக்ஸ்மாக்ஸுக்கு மாற்றும் கையேட்டில் 'மெய்நிகராக்கி' என்று போட்டால் இரண்டு பொருள் வரும். 2023 இறுதியில் விஎம்வேர் நிறுவனம் பிராட்காம் நிறுவனத்தின் கைக்குப் போனதும் நிரந்தர உரிமம் நின்றது. இப்போது கோர் (சிபியுவின் உள்ளகம்) கணக்கில் சந்தா; சிபியுவில் 8 கோர் இருந்தாலும் குறைந்தபட்சம் 16-க்குக் கட்ட வேண்டும். அதனால்தான் பிராக்ஸ்மாக்ஸ். அங்கே மெய்நிகர் பொறிகளை ஓட்டுவது லினக்ஸ் கருவில் (கெர்னலில்) உள்ள கேவிஎம் என்ற பகுதி. பிராக்ஸ்மாக்ஸ் அதன்மேல் உட்கார்ந்த மேலாண்மைக் கருவி. 'மெய்நிகராக்கி' இவற்றில் எது?

இயங்குதளக் கருவை முன்பு சூப்பர்வைசர் என்பார்கள். அதற்கும் மேலே இருப்பதால் ஹைப்பர்வைசர். தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணிகளுக்கு மேல் பெரிய கங்காணி, தோட்டத்து ஆட்களுக்குச் சட்டென்று புரியும். ஆனால் அந்தச் சொல்லோடு, கங்காணிகள் தொழிலாளரைக் கட்டிப்போட்ட முன்பணக் கடனின் நினைவும் சேர்ந்து வருகிறது. 'கண்காணி' என்று திருத்தினாலோ, மானிட்டரிங்குக்கு வைத்த 'கண்காணிப்பு' குறுக்கே நிற்கும்.

என் பரிந்துரை 'மீயாள்வி'. ஹைப்பர்டெக்ஸ்ட் 'மீயுரை' ஆனது போலத்தான். கையேட்டு வரியில் வைத்துப் பாருங்கள்:

"மீயாள்வி மாறினால் வட்டுக் கட்டுப்படுத்தியும் மாறும். விர்ட்டியோ (கேவிஎம் பொறிகளுக்கான மெய்நிகர் சாதன வகை) டிரைவர் இல்லாத விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும். முதலில் வட்டைச் சாட்டா என்ற வட்டு இணைப்பு வகையில் மாட்டித் தொடங்கவும். 1 ஜிபி வெற்று வட்டொன்றை விர்ட்டியோ ஸ்கஸி என்ற இணைப்பு வகையில் சேர்த்து டிரைவரை நிறுவவும். பொறியை அணைத்து, முதன்மை வட்டை ஸ்கஸிக்கு மாற்றவும். கழற்றி மாட்டியதும் பூட் வரிசையிலிருந்து வட்டு விழுந்துவிடும்; மறுபடி டிக் செய்யவும்."

"லினக்ஸ் பொறியில் ஈஎன்எஸ்192 என்றிருந்த நெட்வொர்க் அட்டை பெரும்பாலும் ஈஎன்எஸ்18 ஆகிவிடும். நிலையான ஐபி பழைய பெயரில் இருப்பதால் பொறி ஓடும், வலை வராது."

மாற்றும் முன் ஸ்னாப்ஷாட்களை (பொறியின் சேமித்த நிலைகளை) ஒன்றாக்கி, பொறிக்குள் நிறுவிய விஎம்வேர் டூல்ஸ் மென்பொருளையும் நீக்கச் சொல்லும் வரி கையேட்டில் விட்டுப்போயிருக்கிறது. சேர்க்கவும்.

---

> என் பரிந்துரை 'மீயாள்வி'

'மீயாளி'யைவிடத் தேவலை, அது கோயில் தூண் யாளியை இழுத்துவரும். ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. முதல் இடத்தில் 'ஹைப்பர்வைசர் எனும் மீயாள்வி' என எழுதுங்கள். பிழைத்திரையில் வருவது பழைய சொல்தான்.

இன்னொன்று. பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்பில்) இன்டெல் சிபியுவின் மெய்நிகராக்க வசதியான விடி-எக்ஸ் அணைந்திருந்தால் கேவிஎம் கிடைக்கவில்லை என்று வரும். அதை 'மீயாள்வி இல்லை' என்று பெயர்க்க வேண்டாம், பிராக்ஸ்மாக்ஸை அழித்து மறுபடி நிறுவ உட்கார்ந்துவிடுவார்கள். 'சிபியுவின் மெய்நிகராக்க வசதி அணைந்துள்ளது; பயாஸில் இயக்கவும்' என்று இருக்கட்டும்.