கனரா வங்கி ஸ்பிளிட்: பங்கு எண்ணிக்கை ஏறவில்லை, ஆப்பில் பெரிய நஷ்டம் காட்டுகிறது

மீனா, மேற்கு மாம்பலம் (2024 மே 16):
வணக்கம். அப்பாவின் டீமேட்டில் ₹300-க்கு வாங்கிய கனரா வங்கிப் பங்கு 100 இருந்தது. மே 14 அன்று இன்னும் 20 வாங்கினோம். மறுநாள் ஸ்பிளிட், அதாவது ஒரு பங்கை ஐந்தாகப் பிரிப்பது. விலை ஐந்நூற்றுச் சொச்சத்திலிருந்து நூற்றுச் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. பங்கு அதே 120-தான். அறுபது சதவீதத்துக்கு மேல் நஷ்டம் என்கிறது ஆப். கடைசியாக வாங்கிய 20-க்கும் ஸ்பிளிட் உண்டா? ஒரு பங்குக்கு அறிவித்த டிவிடெண்ட் (லாபப் பங்கீடு) ₹16.10 என்ன ஆகும்? அப்பா பயந்துபோய் விற்கச் சொல்கிறார்.

சேகர், பெரம்பூர்:
இப்போதைக்கு விற்கவே வேண்டாம் மேடம். முகமதிப்பு (பங்கின் மீது குறித்த மதிப்பு, சந்தை விலை அல்ல) ₹10-லிருந்து ₹2 ஆகும்போது ஐஎஸ்ஐஎன் என்ற பங்கின் அடையாள எண்ணும் மாறும். பழைய எண்ணில் உள்ள பங்கை எடுத்துவிட்டுப் புது எண்ணில் ஐந்து மடங்காக வரவு வைப்பார்கள். விலை ரெக்கார்ட் தேதி (யாரிடம் பங்கு இருக்கிறது என்று கணக்கெடுக்கும் நாள், இங்கே மே 15) காலையிலேயே இறங்கிவிடும், வரவு ஓரிரு நாள் பின்னால் வரும். அந்த இடைவெளியைத்தான் ஆப் நஷ்டமாகக் காட்டுகிறது. வராத பங்கை விற்றால் டெலிவரி கொடுக்க முடியாது; எக்ஸ்சேஞ்ச் ஏலத்தில் வேறு பங்கை வாங்கிக் கொடுக்கும், விலை வித்தியாசம் உங்கள் தலையில் விழும்.

ஆப்பை விட்டுவிட்டு, பங்குகளைக் கணக்கில் வைத்திருக்கும் டெபாசிட்டரியின் சிடிஎஸ்எல் ஈஸி அல்லது என்எஸ்டிஎல் கணக்கில் நேராகப் பாருங்கள். 14-ல் வாங்கியது டி+1 முறையில் (வாங்கிய மறு வேலை நாளே) 15-க்கே செட்டில் ஆகிவிடும், அதனால் அந்த 20-க்கும் உண்டு. மொத்தம் 600 வரவேண்டும். வந்த பிறகும் ஆப்பில் சராசரி விலை ஐந்தில் ஒன்றாகக் குறையாமல் இருந்தால் ப்ரோக்கருக்கு டிக்கெட் (புகார்) போடுங்கள்.

பழைய ஜிடிடி ஆர்டர் (குறித்த விலை வந்தால் தானாகப் போகும் ஆர்டர்) ஏதாவது கிடக்கிறதா? ₹500-ல் வைத்த ஸ்டாப்லாஸை (விலை அதற்குக் கீழே இறங்கினால் விற்கும் ஆர்டர்) உடனே ரத்து செய்து, ₹100-ல் புதிதாகப் போடுங்கள்.

கல்யாணி, அண்ணா நகர்:
டிவிடெண்டில் ஒரு பைசா குறையாது. அறிவித்தது முகமதிப்பில் 161 சதவீதம். ₹10 பங்குக்கு ₹16.10, ₹2 பங்குக்கு ₹3.22. 120 × 16.10 = ₹1,932. 600 × 3.22-ம் அதேதான்.

வங்கி பக்கமும் எதுவும் அசையவில்லை. 181.4 கோடி பங்கு 907 கோடி ஆனது, செலுத்திய மூலதனம் அதே ₹1,814 கோடி. அரசின் பங்கு அதே 62.93 சதவீதம். மூலதனம் கூடாததால் கடன் கொடுக்கும் திறனும் கூடாது.

இந்த வாரம் பலர் ஏமாறக்கூடிய இடம் பி/இ, அதாவது விலையை ஒரு பங்கு லாபத்தால் வகுத்து வரும் எண். 2023-24-இன் ஒரு பங்கு லாபம் ஸ்பிளிட்டுக்கு முன் சுமார் ₹80, இப்போது ₹16. சில தளங்களில் விலை மட்டும் மாறி, லாபம் பழைய 80-லேயே நிற்கும். ஏழு இருக்கவேண்டிய பி/இ ஒன்றரை என்று தெரியும். அதை நம்பி யாரும் வாங்கிவிடாதீர்கள்.

ரவி, குரோம்பேட்டை:
2016-ல் வாங்கிய பங்கு என்றால் வரிக்கு எந்த விலை சார்?

சேகர், பெரம்பூர்:
வாங்கிய விலையை ஐந்தால் வகுங்கள், தேதி பழையதே. 2018 ஜனவரி 31-க்கு முன் வாங்கிய பங்குக்கு அடக்க விலை (வரிக்கு எடுக்கும் வாங்கிய விலை) முடிவுசெய்ய அன்றைய உச்ச விலையையும் பார்ப்பார்கள்; அதையும் மறக்காமல் ஐந்தால் வகுக்கவேண்டும். வகுக்காமல் வரிக் கணக்குப் படிவத்தின் 112ஏ அட்டவணையில் போட்டால் அது விற்ற விலையைத் தாண்டி நிற்கும், லாபமே இல்லை என்று கணக்கு வரும், பிறகு நோட்டீஸ் வரலாம். போனஸ் பங்குக்கு (இலவசமாகத் தரும் கூடுதல் பங்கு) இந்தக் கணக்கு ஒத்துவராது. இப்போது வரும் போனஸுக்கு அடக்க விலை பூஜ்யம், வைத்திருந்த காலமும் ஒதுக்கீட்டுத் தேதியிலிருந்துதான்.