பைலட்டுக்கும் தொடருக்கும் இடையில் துணைக் கதாபாத்திரத்தின் நடிகரை மாற்றுவது

எழுத்தறை:

வணக்கம். நான் எழுத்துக் குழுவில் இருக்கும் ஒரு தொடரின் பைலட் (தொடருக்கு முன் சோதனையாக எடுக்கும் முதல் அத்தியாயம்) எடுத்து முடிக்கப்பட்டு, தொடருக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. பைலட் இன்னும் ஒளிபரப்பாகவில்லை. இந்நிலையில், நாயகியின் அக்காவாக நடித்தவரை மாற்ற வேண்டும் என்று தயாரிப்புத் தரப்பு சொல்கிறது. அவருடைய நடிப்பில் குறை இல்லை என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் இருவரும் ஒன்றாக வரும் காட்சிகளில், ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் என்ற எண்ணம் எழவில்லை என்கிறார்கள். ஒரு காட்சியில் தங்கை பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கா அவள் கையிலிருந்து கைபேசியை வாங்கி, அதைப் பார்க்காமலேயே மேசைமேல் கவிழ்த்து வைக்கிறாள். உடன்பிறந்தவளின் உரிமையாக நாங்கள் எழுதிய அந்தச் செயல் திரையில் அதட்டலாகத் தெரிகிறது.

ஆளை மாற்றினால் இது சரியாகிவிடுமா? அல்லது எழுத்தை மாற்ற வேண்டுமா? பைலட்டில் அக்கா இருக்கும் ஷாட்களை மட்டும் மறுபடி எடுத்தால் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தொகுப்புமேசை:

ஒளிபரப்பாகவில்லை என்பது பெரிய வசதி. ஒளிபரப்பான பிறகு மாற்றினால், ‘இவருக்குப் பதில் இவர்’ என்று எழுத்துப் போட்டுவிட்டு, பார்ப்பவர்கள் புதிய முகத்துக்குப் பழகும்வரை பொறுத்திருப்பதைத் தவிர வழியில்லை. அதற்கு முன் மாற்றினால், மாற்றம் நடந்தது என்பதே பெரும்பாலோருக்குத் தெரியாது. ‘பஃபி’ தொடருக்காக முதலில் எடுத்த, ஒளிபரப்பாகாத சிறு பைலட்டில் வில்லோவாக நடித்தவர் ரிஃப் ரீகன். 1997இல் தொடர் வந்தபோது அந்த வேடத்தில் ஆலிசன் ஹானிகன் இருந்தார். பி.பி.சி.யின் ‘ஷெர்லாக்’ தொடரிலும், ஒளிபரப்பாகாத பைலட்டில் சாலி டோனவனாக நடித்த ஸாவே ஆஷ்டனுக்குப் பதிலாகத் தொடரில் வினெட் ராபின்சன் வந்தார். இவ்விரு வேடங்களையும் முதலில் வேறு ஒருவர் ஏற்றிருந்தார் என்ற நினைப்போடு யாரும் அந்தத் தொடர்களைப் பார்ப்பதில்லை.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில், போதாது என்பதுதான். தங்கையின் குளோஸ்-அப்களை அப்படியே வைத்துக்கொண்டு, அக்காவின் பக்கத்தை மட்டும் புதிதாக எடுத்து ஒட்டிவிடலாம் என்று செலவுக் கணக்கு பார்ப்பவர்கள் சொல்வார்கள். நடிப்பவர் பார்க்கும் திசையையும் ஒளியையும் எப்படியோ பொருத்திவிடலாம். ஆனால் அந்தக் குளோஸ்-அப்பில் தங்கை கண் இமைப்பதும், பேச்சை விழுங்குவதும், அரை நொடி தயங்குவதும் முதலில் நடித்தவர் பேசிய வேகத்துக்குத் தந்த பதில்கள். புதியவர் வேறு வேகத்தில் பேசுவார். அப்போது தங்கை எதிரில் இல்லாத ஒருவருக்குப் பதில் சொல்வதுபோல் இருக்கும். தொகுப்பில் என்ன செய்தாலும் இதை மறைக்க முடியாது. ஆகவே இருவரும் பேசும் காட்சிகளை முழுமையாக மறுபடி எடுங்கள். அக்கா வெறுமனே கடந்துபோகும் காட்சிகளில் வேண்டுமானால் சிக்கனம் பாருங்கள்.

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் முதல் பைலட் 2009இல் எடுக்கப்பட்டது. அதில் கேட்லின் வேடத்தில் இருந்தவர் ஜெனிஃபர் ஈலி. பிறகு மிஷேல் ஃபேர்லி வந்தார். டனேரிஸாக நடித்தவரும் மாறினார். 2011இல் ஒளிபரப்பான முதல் அத்தியாயத்தின் பெரும்பகுதி வேறொரு இயக்குநரைக் கொண்டு புதிதாக எடுக்கப்பட்டது. பழைய படப்பிடிப்பிலிருந்து எஞ்சியது கொஞ்சம்தான்.

மூன்றாம்_வரைவு:

தொகுப்புமேசை சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அதற்கு முன்பே விடை காண வேண்டிய கேள்வி, குறை வேடத்தில் இருக்கிறதா, ஆளிடம் இருக்கிறதா என்பது. ‘சீன்ஃபெல்ட்’ பைலட்டில், 1989இல், உணவகப் பணிப்பெண் கிளேராக லீ கார்லிங்டன் நடித்தார். தொடரில் அந்த வேடமே கைவிடப்பட்டு, எலெய்ன் என்ற புதிய பாத்திரம் உள்ளே வந்தது; அதில் ஜூலியா லூயிஸ்-ட்ரைஃபஸ் நடித்தார். பெயர், தொழில், மற்றவர்களோடு உள்ள உறவு எல்லாம் வேறு. கிளேரின் வசனங்களையே வேறொருவரிடம் கொடுத்திருந்தால் எலெய்ன் கிடைத்திருக்க மாட்டாள்.

இதற்கு நேர்மாறாக, ‘ஆல் இன் த ஃபேமிலி’க்கு 1968இலும் 1969இலும் இரண்டு பைலட்கள் எடுத்து, 1971இல்தான் தொடர் தொடங்கியது. ஏறக்குறைய ஒரே எழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு மூன்று முறை எடுத்தார்கள். பெற்றோராக நடித்த கேரல் ஓ’கானரும் ஜீன் ஸ்டேபிள்டனும் மூன்றிலும் உண்டு. மகளும் மருமகனும் ஒவ்வொரு முறையும் மாறி, கடைசியில் சாலி ஸ்ட்ரதர்ஸும் ராப் ரைனரும் நிலைத்தார்கள். எழுத்து ஏறத்தாழ அப்படியே இருக்க, ஆளை மட்டும் மாற்றினால் ஒரு குடும்பம் எப்படி உயிர் பெறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

உங்கள் கைபேசிக் காட்சியைப் பொறுத்தவரை எனக்கு எழுத்தின்மீதே ஐயம். அந்தச் செயல் உரிமையாகத் தெரிய வேண்டுமானால், அதற்கு முன்பே தங்கை அக்காவிடம் ஏதேனும் ஓர் உரிமை எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பைலட்டில் அப்படி ஒன்று உண்டா?

ஒப்பந்தப்_பிரிவு:

நடிப்பும் எழுத்தும் மட்டுமே காரணம் என்று எண்ண வேண்டாம். பைலட்டில் நடிப்பவரைத் தொடருக்கும் பிணைக்கும் உரிமை, ஒப்பந்தத்தில் குறித்த தேதி வரைதான் செல்லும். துணை வேடங்களுக்குச் சில சமயம் அந்த உரிமையே வாங்கப்படுவதில்லை. வேறொரு தொடருக்கு ஏற்கெனவே கட்டுப்பட்டவரைத் துணிந்து பைலட்டில் நடிக்க வைப்பதும் உண்டு. அந்தத் தொடர் நீடித்தால் இவரை விட்டுவிட வேண்டியதுதான். ‘கில்மோர் கேர்ள்ஸ்’ பைலட்டில் சூக்கியாக நடித்த அலெக்ஸ் போர்ஸ்டீனுக்கு, அவர் அப்போது நடித்துக்கொண்டிருந்த நிகழ்ச்சியின் ஒப்பந்தத்திலிருந்து விடுவிப்பு கிடைக்கவில்லை. மெலிஸா மெக்கார்த்தி அந்த வேடத்தை ஏற்றார். போர்ஸ்டீன் பின்னர் அதே தொடரில் வேறு சிறு வேடங்களில் வந்தார். நல்ல நடிகரை இழக்காமல் இருக்க இதுவும் ஒரு வழி.

இன்னொன்றையும் மனமாரச் சொல்கிறேன். முடிவு உறுதியானால், அக்காவாக நடித்தவருக்கு அது தயாரிப்பாளர் அல்லது இயக்குநரின் வாயிலிருந்து நேரடியாகப் போய்ச் சேர வேண்டும். புதிய நடிகர் தேர்வு அறிவிப்பைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிடக் கூடாது. பைலட்டுக்கான ஊதியமும் எழுத்தில் முடிக்கப்பட வேண்டும்.

எழுத்தறை:

மூவருக்கும் நன்றி. பிரதியை எடுத்துப் பார்த்தேன். தங்கை அக்காவிடம் உரிமை எடுத்துக்கொள்ளும் தருணம் ஒன்றுகூட இல்லை. அவள் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அப்படி ஒரு சிறு காட்சியை எழுதி, தற்போதைய நடிகையையே நாயகியோடு நிறுத்தி ஒத்திகை பார்க்கச் சொல்லிக் கேட்கலாமா?

மூன்றாம்_வரைவு:

கட்டாயம் கேளுங்கள். அந்த ஒத்திகையைப் படம் பிடித்து வையுங்கள். வேறு நடிகைகளைச் சோதிக்கும் நிலை வந்தாலும், அதே காட்சியை அதே நாயகியோடு நடிக்கச் செய்தால்தான் ஒப்பிட முடியும். தனியாக நிற்கவைத்து வசனம் பேசச் சொல்லித் தேர்ந்தெடுத்தால், இப்போதுள்ள சிக்கலே புதியவரோடும் வந்து சேரும்.