முன்வளவுக்கு யாழ்ப்பாணத்தில் என்ன சட்டம்? மதில், வேலி, பற்றை, பனை

ஸ்காபரோ_கொக்குவில்:

கொக்குவிலில் மூன்று பரப்புக் காணி, நடுவில் பூட்டிக் கிடக்கும் வீடு. ஒழுங்கைப் பக்கத்துக் கிடுகுவேலி பாதி விழுந்துவிட்டது, முற்றத்தில் இடுப்பளவு பற்றை. கேற்றில் சுகாதாரப் பகுதியின் அறிவித்தல் ஒட்டியிருப்பதாகப் பக்கத்து வீட்டார் படம் அனுப்பியிருக்கிறார்கள். ரொறன்ரோவில் புல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்தால் நகரசபை வெட்டச் சொல்லும். யாழ்ப்பாணத்திலும் முற்றத்தின் தோற்றத்துக்கு அப்படி அளவு கிளவு உண்டா? மதில் எவ்வளவு உயரம் கட்டலாம்? வேலிதான் என்றால் எது நிலைக்கும்? முன்பக்கம் ஒரு பனையும் ஒரு பலாவும் நிற்கின்றன. தறிக்க அனுமதி வேணுமோ?

பீலித்தண்ணி:

புல் இத்தனை அங்குலம், மதிலுக்கு இன்ன நிறம் என்று அழகுக்காக ஒரு சட்டமும் இங்கே இல்லை. முற்றத்தைக் கூட்டிக் கோலம் போட்டாலும் சரி, காடாக விட்டாலும் சரி, அது உங்கள் பாடு. ஆனால் அந்தக் காட்டுக்குள் தண்ணீர் தேங்கினால், கிளை ஒழுங்கைக்கு நீண்டால், மரம் விழுகிற நிலையில் நின்றால் கேட்க ஆள் வரும். உங்களுக்கு வந்திருப்பது முதலாவது.

அது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிற அறிவித்தலாகத்தான் இருக்கும். நுளம்பு பெருகாமல் பார்ப்பது வளவின் சொந்தக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் கடமை. வீடு பூட்டிக் கிடக்குது, நான் கனடாவில் என்பது பதில் ஆகாது. அறிவித்தலில் போட்ட நாளுக்குள் துப்புரவாக்காவிட்டால் அடுத்தது நீதவான் நீதிமன்றம்தான். படத்தைப் பெரிதாக்கித் திகதியை முதலில் பாருங்கோ.

பற்றையை வெட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பரிசோதகர் தேடுவது பற்றைக்குக் கீழே கிடப்பதை: சிரட்டை, அணில் கோதின குரும்பை, யோகட் கோப்பை, ரயர், பொச்சுமட்டை. அதுகளை எடுத்தபிறகும் வீட்டோடு ஒட்டினது நாலைந்து மிஞ்சும். கூரைப் பீலியில் சருகு அடைத்தால் ஒரு மழைக்கே தண்ணீர் நிற்கும். தண்ணீர்த் தாங்கியின் மூடி காற்றுக்குப் பறந்திருக்கும். பூட்டின வீட்டுக் கொமட்டை ஒருவரும் நினைப்பதில்லை. மூடியைப் போட்டு மேலே பொலித்தீனால் இறுக்கிக் கட்டுங்கோ, பின்தொட்டியையும் அப்படியே. கேற்றுக்கு நிறுத்தின இரும்புக் குழாயின் வாய் திறந்திருந்தால் அதுக்குள்ளும் தண்ணீர் நிற்கும். மணல் கொட்டி மேலே இரண்டு அங்குலம் சீமெந்து பூசினால் தீர்ந்தது. பாவிக்காத கிணறுதான் பெரிய தலையிடி. நுளம்பு நுழையாத சின்னக் கண் வலையால் வாயை மூட வேணும், உள்ளே கப்பி மீன் விடலாம். மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். இங்கே நிலத்தடி சுண்ணக்கல், நாலு வளவு தள்ளியும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

இன்னொன்று. டெங்கு நுளம்பின் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. ஆகவே கவிழ்த்து ஊற்றினால் போதாது, தும்பு போட்டுத் தேய்க்க வேணும். முட்டை நுளம்பாக ஒரு கிழமை பத்து நாள்தான் எடுக்கும் என்பதால் ஐப்பசி தொடக்கம் தை வரை கிழமைக்கு ஒருமுறை யாராவது வளவைச் சுற்றிவர ஒழுங்கு செய்யுங்கோ. பற்றையைப் புரட்டாதியில் மழைக்கு முதல் ஒருமுறை, தை கடைசியில் ஒருமுறை மண்வெட்டியால் செருக்கினால் வருசம் ஓடும்.

வேலை முடிந்தவுடன் திகதி தெரியப் படம் எடுத்து, துப்புரவாக்கியாகிவிட்டது, வந்து பாருங்கள் என்று கடிதம் ஒன்றைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கொடுத்து, பிரதியில் சீல் வாங்க வேணும். பராமரிக்கிறவருக்கு இதுக்கு உங்கள் கையெழுத்துக் கடிதம் காணும். மதிலுக்கு விண்ணப்பிப்பதென்றால்தான் அற்றோணித் தத்துவம், அதாவது உங்களுக்காகக் கையெழுத்துப் போட அதிகாரம் தருகிற பத்திரம், தேவைப்படும்.

மூலைக்கல்:

மதில் கேள்விக்கு வருகிறேன். முதலில் சபை எது என்பது. கொக்குவில் நல்லூர் பிரதேச சபைக்குள். கனபேர் மாநகர சபைக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள், ஏனென்றால் நல்லூர்க் கோயில் மாநகர சபைக்குள் இருக்குது, நல்லூர் என்ற பெயரில் உள்ள பிரதேச சபை வேறு. சோலைவரிப் பற்றுச்சீட்டில் எந்தச் சபையின் பெயர் இருக்கிறதோ அங்கேதான் போக வேணும். வரி நிலுவை இருந்தால் அதைக் கட்டாமல் எந்த விண்ணப்பமும் நகராது.

உயரத்துக்கு இணையத்தில் ஒருவர் சொன்ன எண்ணை நம்பி அத்திவாரம் வெட்ட வேண்டாம். வரைபடத்தில் காட்டி, சபை அனுமதித்த உயரம்தான் உங்கள் உயரம். உயரத்தைவிடக் கோடுதான் ஆளை விழுத்தும். ஒவ்வொரு வீதிக்கும் வீதிக்கோடு என்று ஒன்று உண்டு, பின்னாளில் வீதி அகலமானால் எதுவரை வரும் என்பது அது. உங்கள் பழைய வேலி நின்ற இடம் அந்தக் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல ஏலாது. வேலி நின்ற அதே இடத்தில்தானே கட்டினேன் என்று சொன்னவர்களின் மதில்தான் வீதி அகலிக்கும்போது முதலில் இடிபடுகிறது.

எனவே ஒழுங்கு இப்படி: பதிவுபெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லைக்கல்லைக் கண்டுபிடிப்பது, சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுப்பது, பிறகு மதிலின் நீளம், உயரம், தடிப்பு, தூண் இடைவெளி, கேற் அகலம் எல்லாம் போட்ட வரைபடத்தைக் காணி உறுதிப் பிரதியோடும் நில அளவை வரைபடத்தோடும் கொடுப்பது. அனுமதி கைக்கு வரும்வரை கல்லுப் பறிக்க வேண்டாம். உங்களுக்கு ஒழுங்கை என்பதால் சபையோடு முடியும். காங்கேசன்துறை (கே.கே.எஸ்) வீதி, பலாலி வீதி போன்றவற்றைப் பார்த்த காணி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையும் உள்ளே வரும்.

கட்டும்போது நடக்கிற பிழைகள் மூன்று.

கேற் வெளிப்பக்கம் திறக்கக் கூடாது. உள்ளே திறக்க இடமில்லை என்றால் தள்ளு கேற் போடுங்கோ. பத்தடி ஒழுங்கையில் மதிலோடு ஒரே நேர்கோட்டில் கேற் வைத்தால் வான் திரும்பாது. கேற்றை ஐந்தாறு அடி உள்ளே தள்ளி, இரண்டு பக்க மதிலையும் சரித்துக் கட்டினால் பன்னிரண்டு அடி கேற் காணும். வளவு சந்தியில் இருந்தால் மூலையை வெட்டித்தான் கட்ட வேணும், எதிரே வருகிறவனுக்குக் கண் தெரிய.

இரண்டாவது, கேற்றுக்கு முன்னால் வெள்ளவாய்க்கால் போனால் அதைக் கொங்கிறீற்றால் நிரப்பிச் சரிவு போடுவது. அது சபையின் வாய்க்கால், அடைத்தால் உடைப்பார்கள். உடைக்காவிட்டால் கார்த்திகையில் பக்கத்து வீட்டு முற்றம் குளமாகும், பிறகு வருசம் முழுக்கக் கோபம். அனுமதி எடுத்து, இரண்டடி அகலத் துண்டு மூடிகளாக வார்த்து வையுங்கோ. கிளப்பித் துப்புரவாக்கலாம்.

மூன்றாவதுதான் மதிலைச் சாய்க்கிறது. ஆறு அங்குலக் கல், எட்டுப் பத்தடிக்கு ஒரு தூண் என்று ஒழுங்காகத்தான் கட்டுவார்கள். கட்டி முடிந்தபிறகு முற்றம் பள்ளம் என்று உள்ளே இரண்டடி மண் நிரப்புவார்கள். மறைப்புக்குக் கட்டின மதில் அதோடு மண்ணைத் தாங்குகிற மதில் ஆகிவிடுகிறது, ஈரமண்ணின் பாரம் ஒழுங்கைப் பக்கம் தள்ளும். மண் போடுகிற எண்ணம் இருந்தால் வரைபடம் கீறும்போதே சொல்லுங்கோ. எப்படியும் ஆறடிக்கு ஒன்றாக இரண்டு அங்குலப் பிவிசி குழாய் வெளி நிலமட்டத்துக்குச் சற்று மேலே வைக்க வேணும், உள்வாயில் வலையும் சல்லியும். குழாயின் வாய் பக்கத்து வளவைப் பார்க்கக் கூடாது.

கதியால்:

மதிலைப் பற்றி மூலைக்கல் சொன்னது சரி, ஆனால் பூட்டின வீட்டுக்கு மதில் அவசரமில்லை. ஒழுங்கை வேலி உயிர்வேலியாக இருந்தால் பத்து வருசத்துக்கும் பிரச்சினை இல்லை.

கிடுகு மட்டும் என்றால் ஒவ்வொரு வருசமும் அடைக்க ஆள் பிடிக்க வேணும். கீழ்வரியை நிலத்தில் முட்ட விட்டால் ஒரு மாரிக்குள் கறையான் ஏறும், இரண்டு மூன்று அங்குலம் உயர்த்திக் கட்டுங்கோ. தகரம் வேண்டாம். காற்றுக்கு ஆணி கழன்று, விளிம்பு ஒழுங்கையால் போகிற பிள்ளையின் கையைக் கிழிக்கும்.

கதியாலுக்கு, அதாவது உயிர்வேலிக்கு நடுகிற கம்புக்கு, பூவரசு, கிளுவை, சீமைக்கிளுவை மூன்றும் நல்லது. ஆறேழு அடி நீளம், கைக்கோடாலிப் பிடியளவு மொத்தம், ஐப்பசி மழை விழுந்து மண் இளகினவுடன் ஒன்று ஒன்றரை அடி ஆழத்தில், அடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றாக. அடிப்பக்கத்தைச் சரிவாக வெட்டி, தோல் உரியாமல் குழிக்குள் இறக்க வேணும். கம்பு தலைகீழாகப் போனால் துளிர்க்காது, வெட்டும்போதே மேல்நுனியில் சுண்ணாம்பு பூசி அடையாளம் வையுங்கோ. முதல் வருசம் வரிச்சை, அதாவது குறுக்குத் தடியை, கயிற்றால் கட்டுங்கோ. கம்பியால் இறுக்கினால் மரம் பருக்கும்போது தோலுக்குள் புதைந்து மேலே பட்டுப்போகும். மதில் கட்டுகிற எண்ணம் இருக்கிற கோட்டில் பூவரசு வைக்க வேண்டாம், பருத்துக் கல்லைத் தள்ளும். வருசம் இரண்டுமுறை வெட்டினால் குழை தோட்டக்காரர் வந்து கொண்டுபோவார்கள். வெட்டாமல் விட்டுக் கிளை ஒழுங்கைக்குள் வளைந்தால், வெட்டச் சொல்லி அறிவித்தல் தரச் சபைக்கு அதிகாரம் உண்டு.

பக்கத்து வளவோடு உள்ள வேலிதான் கவனம். கதியால் பருக்கும், பட்டதுக்குப் பதில் நடும்போது நாலு அங்குலம் தள்ளி நடுவார்கள், இருபது வருசத்தில் வேலி இரண்டடி அரக்கியிருக்கும். வெளிநாட்டில் இருக்கிறவர் ஒன்றை மனதில் வைக்க வேணும். வேலியை அரக்கி உங்கள் காணிக்குள் போட்டால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் வழக்குப் போட்டு உடமையை மீட்கலாம். ஆனால் பறிபோய் இரண்டு மாதத்துக்குள் அது நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேணும். தவறினால் மாவட்ட நீதிமன்றத்தில் உரிமை வழக்குத்தான், அது பிள்ளைகள் காலம்வரை இழுபடும். அதனால் பராமரிக்கிறவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லைக்கல்லோடு சேர்த்து நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பட்டும். அங்குலக் கணக்கு என்றால் மத்தியஸ்த சபையே போதும்.

ஸ்காபரோ_கொக்குவில்:

நன்றி. பனைக்கும் பலாவுக்கும் யாராவது சொல்லுங்கோ. முற்றத்தில் கரட் இலை மாதிரி ஒரு செடி, சின்ன வெள்ளைப் பூவோடு நிறைய நிற்குது. அதையும் சேர்த்துச் செருக்கிவிடலாம்தானே?

வடலிக்கூடல்:

பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வரும். சொந்த வளவில் நின்றாலும் அனுமதி இல்லாமல் தறிக்க ஏலாது. கிராம அலுவலரிடம் போனால் மரத்தைப் பார்த்து எழுதுவார், நல்லூர் பிரதேச செயலகத்துக்குப் போகும். காரணத்தை வெறுமனே இடைஞ்சல் என்று எழுதாமல், கூரைக்கு எத்தனை அடி, எந்தப் பக்கம் சாய்வு என்று படத்தோடு கொடுங்கோ. காவோலை இழுப்பதும் பலாக் கிளை கழிப்பதும் தறிப்பு அல்ல. நுங்கு காய்த்தால் பெண், விரல்மாதிரிப் பாளை தள்ளினால் ஆண். பாளையே வராத வடலி என்றால் ஆணா பெண்ணா என்று ஒருவராலும் சொல்ல ஏலாது, பெண் என்று வைத்துக் கேட்பதே பாதுகாப்பு. மின்கம்பி கிட்ட இருந்தால் மின்சாரப் பணிமனைக்கு அறிவித்து மின்னை நிறுத்தாமல் ஏணி வைக்க விடாதையுங்கோ.

அந்தச் செடி பார்த்தீனியம் போலக் கிடக்கு. செருக்க விட வேண்டாம். அடிக்கட்டை மண்ணில் இருந்தால் திரும்பத் துளிர்க்கும், வெட்டினதை இழுத்துக்கொண்டு போனால் வழி முழுக்க விதை கொட்டும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது, கையுறையும் நீளக்கைச் சட்டையும் போட்டு, வேரோடு பிடுங்க வேணும். வெறுங்கையால் பிடுங்கினால் தோல் கடித்துப் புண்ணாகும், சிலருக்கு இழுப்பும் வரும். பூத்துவிட்டதென்று சொல்கிறீர்கள், அப்போ பிடுங்கின இடத்திலேயே யூரியாப் பையில் போட்டு வாயைக் கட்டி, காய்ந்தபிறகு செடியை மட்டும் எரியுங்கோ. எருக்குழிக்குள் போடக் கூடாது. உப்புக்கரைசல் அடிக்கச் சொல்வார்கள், செடி கருகும்தான், ஆனால் கிணற்றடி வளவில் அது வேண்டாத வேலை. மண்ணில் விதை கிடக்கும், முளைத்து ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும். அதனால் முதல் பிடுங்கலுக்குப் பிறகு மாதம் ஒருமுறை ஆள் விட வேணும். நுளம்புக்குச் சுற்றிவருகிறவரையே அதுக்கும் பிடித்தால் ஒரு கூலியோடு போகும்.