ஏற்காட்டுக்குக் குடிவந்தோம்: புதுப்பிப்பு

சேலம் அம்மாபேட்டை வீட்டைக் காலி செய்து, நாகலூர் பக்கம் சின்னக் காபித் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு வந்துவிட்டோம், தாக்குப்பிடிக்க முடியுமா என்று போன முறை கேட்டிருந்தேன். காலூன்றிவிட்டோம்.

முதலில் குளிர்தான் படுத்தியது. மூடுபனியில் துணி காயவே இல்லை. அம்மா அடுப்படியிலேயே கொடி கட்டிவிட்டார். அப்புறம் கோடை மழை. எட்டு, பத்து நாளில் செடி முழுக்க வெள்ளைப் பூ, அப்படியே மல்லிகை வாசனை! அந்த மழை தவறினால் காய்ப்பு குறையும் என்றார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். மலையாளிப் பழங்குடிக்காரர் (கேரளத்து மலையாளி இல்லை, இந்த மலைவாசி). சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏற்றக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்: கணு மரத்தைத் தொடும்படி கட்ட வேண்டும், அங்கேதான் வேர் பிடிக்கும்.

1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபி கொண்டுவந்ததை எல்லோரும் சொல்கிறார்கள். அண்ணனைப் போன்ற இந்த மலையாளிப் பழங்குடி மக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

பறிப்பு நவம்பரில் தொடங்கும். விலை நிலவரம் கேட்டவர்களுக்கு அப்போது எழுதுகிறேன்.